ஜூலையில் ஓடும் ஆறு

இரத்தினவேல் சாப்பாட்டு மேசையில் வடநோர்வே வரைபடத்தை விரித்தார். அது சுருண்டுவிடாமல் ஊறுகாய்ப் போத்தல், உப்புக் குப்பி, சீனிப் பேணி, கைத்தொலைபேசி என்று நாலு மூலைக்கும் பாரம் வைத்தார். எதிரே இருந்த நெல்லையப்பன், கோயிலில் திருநீறு வாங்குகிறவனைப்போலக் குனிந்து பார்த்தான். நோர்வேத் தலைநகரின் ஓரம், ரொம்மனில் மூன்றாம் மாடி வீடு. பெப்ரவரி மாதத்துப் பகல் வெளிச்சம் யன்னலில் மோர்த்தண்ணி மாதிரி நின்றது.

“இதுதான் தானா ஆறு. கோடையில லக்ஸ் மீன் கடலில இருந்து ஏறி வரும். நான் பாட்ஸ்பியோர்ட்டில மீன் வெட்டின காலத்தில ஃபோர்மன் ஒருக்கா கூட்டிக்கொண்டு போனவன். இஞ்சையிருந்து காரில ரெண்டு நாள் ஓட்டம், தம்பி.”

“சூப்பர் அங்கிள்.”

“கூடாரத்திலதான் படுக்கை.”

“நல்லாருக்கும் அங்கிள்.”

“நுளம்பு கடிக்கும். கடிக்கும் எண்டால் சும்மா இல்லை, நாலு சேர்ந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்.”

“பரவால்ல அங்கிள், சமாளிச்சுக்கலாம்.”

இரத்தினவேலுக்கு இந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணம் பெரியகடையில் தகப்பனின் புடவைக்கடையில் தவழ்ந்து எழும்பியவர் அவர். சேலையை விரித்த உடனேயே கரை சரியில்லை, சாயம் போகும், முந்தானை கட்டை என்று முகத்தைச் சுளிக்கிறவள் கட்டாயம் வாங்கிக்கொண்டு போவாள். எல்லாம் வடிவாயிருக்கு என்று தலையாட்டுகிறவள் வெயிலுக்கு ஒதுங்கினவள். பஸ் வந்ததும் எழும்பிப் போய்விடுவாள். நகரத்துக் கிரன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறிக்கடை திறந்து இத்தனை வருசமாக முருங்கைக்காயை முறித்துப் பார்க்கும் சோமாலிகளிலிருந்து வெண்டிக்காயை முகர்ந்து பார்க்கும் வெள்ளைக்காரிகள் வரை கண்டாயிற்று. இந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. இவனோ கையில் எதைக் கொடுத்தாலும் நல்லது என்கிறான்.

ஒரே மகள் தர்மினி, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், இவனைத்தான் கட்டுவேன் என்று மார்கழியில் சொன்னாள். பெடியனில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. திருநெல்வேலிக்காரன், நல்ல படிப்பு, மூக்குக்குத்தான் கொஞ்சம் அவசரம், முகத்துக்கு முதல் வந்துவிட்டது. சிக்கல் வேறு. சென்னைக் கம்பனி ஒன்று இங்கே அனுப்பிவைத்த ஆள். வைகாசியோடு அந்த வேலை முடிகிறது. பிறகு நிற்பானா, போவானா? போனால் பிள்ளையையும் கொண்டுபோவானா? மகளிடம் கேட்டதற்கு “பாப்பம் அப்பா” என்றாள். பாப்பம் என்பது விலை குறைக்கச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் சொல். அவள் எங்கே பொறுக்கினாள் என்று யோசிக்கவே தேவையில்லை.

பெடியனிடம் நேரே கேட்கலாம்தான். ஆனால் முதலில் கேட்கிறவன், தன் மடியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறான். அதனால்தான் இந்த ஆறு. மீன்பிடியில் அவருக்கு ஒரு சொட்டு ஆசையும் கிடையாது. பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் வெட்டிய மீனே ஏழு பிறப்புக்கும் போதும். தானா ஆற்றில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான்: அது ஜூலையில்தான் தோதான ஆறு. ஜூலையில் வருகிறேன் என்கிறவன் ஜூலையில் இங்கே இருக்கவேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் ஜூலையை மேசையில் வைக்க முடியாது. முதலில் நுளம்பு, கூடாரம், குளிர் எல்லாம் காட்டி, கடைசியாகத்தான் உள்ளறைச் சரக்கை எடுக்கவேண்டும்.

“இஞ்சேருங்கோ, ஆறு குளமெல்லாத்தையும் சுருட்டுங்கோ. சோறு வைக்கவேணும்.” மனைவி சிறிதேவி சட்டிகளோடு வந்தாள்.

தர்மினி தட்டுகளைப் பரப்பினாள். சிறிதேவி நெல்லையப்பனின் சோற்றின்மேல் குழம்பை ஊற்றி, நடுத்துண்டு மீனாகப் பார்த்து வைத்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிக மரியாதையாக, தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோல, விரல் நுனியால் மீனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

“என்ன தம்பி, முள்ளுக்குப் பயமோ?”

“இல்ல ஆண்ட்டி… நான் வெஜிட்டேரியன்.”

“இண்டைக்குச் சனிக்கிழமையல்லோ?”

“எல்லாக் கிழமையுமேதான் ஆண்ட்டி.”

சிறிதேவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இதுவரை அவன் வந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் இந்த வீட்டில் முட்டை ஓடுகூட அடுப்படிக்கு வராது. பருப்பும் கத்தரிக்காயும் அப்பளமும் அவன் ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்து, இறைச்சி மீன் இல்லாமலே இப்படிச் சாப்பிடுகிறான், பாவம் பிள்ளை, ஒருநாளைக்கு மீன் சமைத்துப் போடவேண்டும் என்று ஏங்கியதெல்லாம் அவள்தான்.

“நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடி!”

“நீங்கள் கேக்கேல்லையே அம்மா,” என்றாள் தர்மினி. சிரிப்பு வந்தும் வராமலும் இருந்தது அவளுக்கு.

இரத்தினவேல் சிரிக்கவில்லை. “மீன் தின்னாத ஆள் ரெண்டு நாள் காரோடி மீன் பிடிக்க வாறன் எண்டு ஏன் சொன்னனீர்?”

“நீங்க அவ்வளவு ஆசையா சொன்னீங்க அங்கிள். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

இதைவிட அவன் வரமாட்டேன் என்றே சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் கம்பனிக்காரனுக்கும் சொல்லமாட்டான். ஏறு என்றால் விமானத்தில் ஏறிவிடுவான், கூடவே இவளையும் ஏற்றிக்கொண்டு. இரத்தினவேல் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர்போலச் சொன்னார்:

“அப்ப ஜூலை நடுப்பகுதியில போவம். ஆத்து அனுமதிக்கு நான் இப்பவே எழுதிப்போடுறன்.”

சரி அங்கிள் என்ற சொல் வரவில்லை. நெல்லையப்பன் தர்மினியைப் பார்த்தான். தர்மினி தன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடிந்த மீன் அது. கீழே பனியில் யாரோ பிள்ளைகள் சறுக்கி விழுந்து கத்துவது கேட்டது.

“ஜூலை நடுவுல கஷ்டம் அங்கிள்,” என்றான் கடைசியில். “கடைசி வாரம்னா முடியும். லீவு சொல்லி, ஃப்ளைட் புடிச்சு… ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துடுவோம்.”

வந்துடுவோம். சிறிதேவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“அப்பா, நான் சொல்லத்தான் நினைச்சனான்.”

“எப்ப?”

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “சென்னையில எனக்கும் ஒரு லாபில இடம் கிடைக்கும் போல. ஒரு வருசத்துக்குத்தான் அப்பா.”

“ஒரு வருசத்துக்கு எண்டுதான் நானும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்தனான்.”

இரத்தினவேல் விரலை வழித்து நக்கினார். கடையில் கை நழுவிப்போகிற பொருளைக் கடைசி நேரத்தில் எட்டிப் பிடிக்கும் பழக்கம் உடம்பில் தானாகவே எழும்பியது.

“ஒரு கிழமை காணாது. போகவர நாலு நாள். ஒரு மாதமெண்டாலும் வேணும்.”

“ஒரு மாசம் லீவு தரமாட்டாங்க அங்கிள். பத்து நாள்.”

“பத்து நாளைக்கு ஆர் சென்னையிலயிருந்து வாறது? மூண்டு கிழமை.”

“ரெண்டு வாரம். அதுக்கு மேல என்னால முடியாது அங்கிள்.” இந்த முறை அவன் கண்ணை எடுக்கவில்லை. “ஆனா வருஷா வருஷம் வருவோம்.”

“வருசத்தில ரெண்டு தரம்.”

“ஐயோ கடவுளே!” சிறிதேவி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். “பெத்த பிள்ளையை மேசையில வைச்சுக்கொண்டு என்ன விலை பேசுறியள் ரெண்டு பேரும்? கத்தரிக்காயோ இவள்?”

தர்மினி எழும்பி அடுப்படிக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கோப்பை எதுவும் கழுவப்படுகிற சத்தம் கேட்கவில்லை. இரத்தினவேல் நெல்லையப்பனைப் பார்த்தார். காலையிலிருந்து தேடிய ஆள் இதோ வந்துவிட்டான்: கரை சரியில்லை என்கிறான், முடியாது என்கிறான். வாங்குகிறவன்தான். வாங்கிக்கொண்டு போகப்போகிறவன்தான். கணக்கு இந்த முறையும் பிழைக்கவில்லை.

அவர் கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனார். விளையாட்டு உபகரணக் கடையில் வாங்கிவந்த தூண்டில்தடியோடு திரும்பினார். “வாரும் கீழ. புது நூல், முறுக்கெடுக்கவேணும். இல்லாட்டி எறியேக்கை சிக்கிப்போகும்.”

முற்றத்தில் பனி கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. தடியை அவன் கையில் கொடுத்து, ரீலைத் திறந்துவிடச் சொன்னார். தூண்டில் முள் இன்னும் கட்டவில்லை. நூல் நுனியில் ஈயக்குண்டு மட்டும். அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடந்தார். ஊஞ்சலைத் தாண்டி, குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, அடுத்த கட்டடத்துப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்த சரிவுப் பக்கமாக. பின்னால் ரீல் விர்ரென்று சுற்றுகிற சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

“அப்பா!” மாடி பால்கனியிலிருந்து தர்மினி கூப்பிட்டாள். “ஜக்கெட் போடேல்ல நீங்கள்!”

அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

“போதும் அங்கிள்! நூல் முடியப்போகுது!”

கேட்டது. இன்னும் கொஞ்சம் நடந்தார். நூல் பனிக்குமேல் நேராகி, எழும்பி, மெல்ல அதிர்ந்தது. அந்த அதிர்வு ஈயக்குண்டு வழியாக உள்ளங்கைக்குள் வந்தது. சறுக்கிவந்த பிள்ளைகள் நூலுக்குக் கீழே குனிந்து குனிந்து போனார்கள்.