கன்னத்தில் ஆறிய இடம்

...இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், ஒரே சொல், அந்த மலாய் நர்ஸ் பேனாவை அதற்காகத்தான் தயாராக வைத்திருந்தாள், ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம் காளிதாஸ் எல்லாக் கேள்விக்கும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும், காய்ச்சல் உண்டா, இல்லை, மாத்திரை ஏதாவது, இல்லை, பச்சை குத்தியது, காது மூக்கு குத்தியது, வேறு எங்கேயாவது ஊசி துளைத்தது... இங்கேதான் நாக்கு நின்றுவிட்டது. பாக்சிக் என்று மாமா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள், பாக்சிக் இந்த வயதில் தோடா போடப்போகிறீர்கள் என்று அவளாகவே சிரித்தாள், சிரித்த கையோடு இல்லை என்று குறித்திருந்தால்கூடத் தேவலை, அதற்குள் உள்ளே போன் அடித்தது, கொஞ்சம் இருங்கள் என்று எழுந்து போய்விட்டாள். காளிதாஸ் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. போன மாதம் தைப்பூசத்தில் இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வந்த வேல், எடுத்ததும் ஒரு சிட்டிகை விபூதி வைத்து அழுத்தினார்கள், அவ்வளவுதான், காலையில் சவரம் செய்யும்போது இவருக்கே இடம் தெரியவில்லை. தெரியாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்? காது குத்துவது அழகுக்கு, அலகு குத்துவது ஆண்டவனுக்கு, இரண்டும் ஒன்றா? செனாய் தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு குளுவாங் வரை காரை ஓட்டி வந்தாரே, வழியெல்லாம் இது ஒரு தடவையாவது மனதில் வந்ததா? வரவில்லை. பி நெகட்டிவ் கையிருப்பு போதாது, லேபர் வார்டில் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன், இன்றைக்கே எடுத்தால்தான் சோதனை முடித்துத் தயாராக வைக்க முடியும் என்று ரத்த வங்கியில் சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை, சொல்லவா வேண்டும், அது நிக்கோல்தான்.

வெளியே மரியநாதன் உட்கார்ந்திருக்கிறான், நிக்கோலுடைய அப்பன், லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இவரோடு ஒரே லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவன், காலையில் கண்டதும் முதல் வேலையாக கேண்டீனுக்கு இழுத்துப்போய் ரொட்டி சானாய் வாங்கி வைத்து, தின்னுடா, வெறும் வயித்தோட படுத்து நீ மயக்கம் போட்டா ஒனக்கு எவன்டா ரத்தம் குடுப்பான் என்று கேலி பேசினான், பேசினானே தவிர அவன் தட்டில் இருந்தது அப்படியே இருந்தது. பாவம், ஒரே பெண். அவள் பிறந்த அன்றும் இதே ஆஸ்பத்திரிதான், அப்போது இந்தக் கட்டடம் இல்லை, மரியநாதன் மனைவி டொரத்திக்குப் பிரசவமானதும் ரத்தம் நிற்கவே இல்லை என்று தோட்டத்து லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், கிராணி, கங்காணி, பால்மரம் வெட்டுகிறவர்கள், எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையில் நின்றார்கள், ஒருத்தர் ரத்தமும் சேரவில்லை. மருந்தடிக்கப் போயிருந்த காளிதாஸுக்கு விஷயம் தெரிந்ததே மத்தியானம்தான், ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார், மழை பெய்து ஓய்ந்திருந்தது, ரெங்கம் தாண்டியும் ஈரக்காற்று, ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சாவகாசமாக நின்று நின்று... விரலில் குத்திப் பார்த்துவிட்டு நர்ஸ் ஓடினாளே, அந்த ஓட்டம், அதை இன்றைக்கு நினைத்தாலும் மார்பு நிமிர்கிறது. நெகட்டிவாம் என்று தெரிந்ததும் லயமே சிரித்தது, இவன் ரத்தங்கூட எல்லாத்துக்கும் மாட்டேன்னுதான் சொல்லும்போல என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மரியநாதன் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பேச்சை விட்டதில்லை, டொரத்தி ஒடம்புல ஒன் ரத்தம், எம் மவளுக்கும் ஒன் குரூப்பு, எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான்டா அன்னியன்.

போன கிறிஸ்துமஸுக்கு மட்டும் அந்தப் பேச்சு வரவில்லை. டொரத்தி கேக் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிக்கோலுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம் அண்ணே, பிரசவத்தில் ரத்தம் போகும் என்று இப்போதே பயமுறுத்துகிறார்கள் என்றாள், நிக்கோல் மட்டும் சிரித்துக்கொண்டே, அங்கிள் இருக்கீங்க இல்ல லா என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, ரத்தம் கொடுக்கலாம், ரத்தம் மட்டும் போதுமா, உயிர் அவன் கையில் அல்லவா... இளவட்டத்தில் எடுத்ததோடு நின்றுபோன காவடியை இந்த வருடம் எடுத்தார், விரதம் இருந்தார், வாயில் அலகு குத்திக்கொண்டு நடந்தார், மரியநாதனிடம் சொல்லவில்லை, சாமிக்கும் தனக்கும் உள்ளதை எதற்குச் சொல்லிக் காட்ட வேண்டும். ஐயா, அந்தப் பெண்ணும் பிள்ளையும் பிழைக்க வேண்டும், அதற்காக. அதற்காகச் செய்ததே இன்றைக்கு இப்படிக் குறுக்கே வந்து நிற்குமா? சொன்னால் எடுக்க மாட்டார்கள், எடுக்காவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்... சொல்லாவிட்டால்? முருகனுக்காகக் குத்தியதில் நோய் வருமா, வராது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு ஆற்றங்கரையில் நடந்தது கண்முன்னே வந்துகொண்டே இருக்கிறது, உறுமிச் சத்தத்தில் பூசாரிக்குக் காது கேட்கவில்லை, கூட்டம் நெருக்கியது, முன்னால் நின்ற பையனுக்குக் குத்திவிட்டு, கட்டைவிரலில் இருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே விரலால் இவர் கன்னத்தைப் பிடித்தார். சாமி சுத்தம்தான், கை மனிதனுடையது. இவருடைய நம்பிக்கையை இவர் உடம்பில் ஏற்றிக்கொள்ளலாம், கேட்காமல் கொள்ளாமல் இன்னொருத்தி நரம்பில் ஏற்றலாமா? அதுவும் அங்கிள் இருக்கீங்க இல்ல என்று சொன்ன பெண்ணின் நரம்பில்...

நர்ஸ் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். காளிதாஸ் மலாயில் மெதுவாகச் சொன்னார், மிஸ்ஸி, போன மாதம் தைப்பூசத்தில் வாயில் அலகு குத்தினேன். இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் தொட்டுக் காட்டினார். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது, அதட்டவில்லை, துளைத்தது எதுவானாலும் ஆறு மாதம் போக வேண்டும் பாக்சிக், சாமிக்குச் செய்ததைக் குறை சொல்லவில்லை, ரத்தத்தில் ஏதாவது தொற்றியிருந்தால் சோதனையில் தெரிய நாளாகலாம், அதற்குத்தான் என்றாள். இதே குரூப்பில் இன்னும் இரண்டு பேருக்குப் போன் போட்டிருக்கிறார்கள், ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் பத்து பகாட் ஊரிலிருந்து வரப் பார்க்கிறேன் என்றாராம். வரப் பார்க்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று அவள் எழுந்து நின்று சொன்னாள், அது காதில் விழுந்தும் விழாமலும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

மரியநாதன் இவர் கையைத்தான் முதலில் பார்த்தான், பஞ்சு இல்லை, பிளாஸ்திரி இல்லை. சொன்னதும் அவன் முகம் கறுத்தது.

"இத்தனை வருசமா எடுக்காத காவடி, இந்த வருசம் எடுக்கச் சொல்லி எவன்டா ஒன்னக் கேட்டான்?"

பதில் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார், ஆனால் அது தானாக வந்துவிட்டது.

"நிக்கோலுக்குத்தான்டா."

மரியநாதன் நகர்ந்து இடம் விட்டான், காளிதாஸ் உட்கார்ந்தார், ஆஸ்பத்திரி வாசல் கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது, வலிச்சுதாடா என்று மரியநாதன் கேட்டான். இல்லை, அன்றைக்கு வலிக்கவே இல்லை, உண்மையாகவே இல்லை, முருகன் கேட்டது அந்த வலியைத்தான் என்றால் இவர் ஒன்றுமே கொடுக்கவில்லையே, வேறு எதைக் கேட்டான், ஓடி வந்து கை நீட்டுகிற அந்தப் பெருமையையா... கதவு திறந்தது, தலையில் தூடோங் முக்காடு போட்ட ஓர் அம்மாள் வியர்க்க வியர்க்க உள்ளே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். பத்து பகாட்டிலிருந்து ரத்த வங்கிக்கா, நோயாளியைப் பார்க்கவா, தெரியவில்லை. அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும், ரத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும் என்று தன் வாய் முணுமுணுப்பது காளிதாஸுக்கே அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்தில் மரியநாதனும் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ரயிலில் வந்து இறங்கிய அந்த மத்தியானம் தன்னையும் ஒருவன் இப்படித்தான் பார்த்திருப்பானோ, எப்போதும் வருகிறவனாகவே இருந்துவிட்டதால் இது இத்தனை காலம் தெரியாமலே போய்விட்டதோ...