கடைசிப் பாய்

சீ! என்ன வாய் இது என்று மேரிசெல்விக்கு அருவருத்தது. மேடையில் விளையாட்டுக் கழகத் தலைவர் கஜேந்திரன் ஒலிபெருக்கியைப் பிடித்து, புது விளையாட்டரங்கின் வரலாறு என்று ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். நாற்றம் பிடித்துக் கிடந்த வெறுந்தரையைக் கழகம் பொன்னாக்கியதாம்.

பொன்னாக்கிய ஆட்களைப் பார்! அங்கே மண்டிக் கிடந்த பற்றையை வெட்டி, கடகத்தில் மண் சுமந்து மட்டப்படுத்தியவர்கள் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் கருவாடு போடும் மேரிசெல்வியும் மற்றப் பெண்களும். கிழமை நாளில் அங்கே பாய்களில் அவர்களுடைய மீன் காயும். ஞாயிறு பூசை முடிந்தால் பெடியன்கள் பந்தடிப்பார்கள். கடைசிப் பாயை அதற்குரியவள் தன் கையால் எடுக்கும்வரை மத்தியஸ்தர் விசில் ஊதுவதில்லை. அன்றுமுதல் அதுதான் வழக்கம்.

இப்போது சுற்றிவரக் கம்பிவேலி, இரும்புக் கேற், அதில் பூட்டு. கிழமை நாளில் திறந்துவிடுவதாகக் கையைப் பிடித்துச் சொன்ன அந்தக் கஜேந்திரன், அரங்க வேலை முடிந்ததும் பூட்டின் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பெண்களின் மீன் வேலிக்கு வெளியே ஒழுங்கைத் தெருப் புழுதியில் நாய் இழுக்கக் கிடந்து பழுதாகிறது.

இன்று விழாவும் முதல் ஆட்டமும் என்று கேற் திறந்திருந்தது. மேரிசெல்வி நேரே நடுவட்டத்துக்குப் போய்ப் பாயை விரித்து, அரைவாசி காய்ந்த சூடைமீனைப் பரப்பினாள். மத்தியஸ்தர் அருளப்புவும் அதே தாழ்வுபாட்டுக்காரர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்.

கஜேந்திரன் மூக்கில் கைலேஞ்சியைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"கேற் திறப்பைத் தாங்கோ. பாயை எடுக்கிறன்" என்றாள் மேரிசெல்வி.

அவர் அவளுக்கு முதுகைத் திருப்பினார். அணித்தலைவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அணித்தலைவன் நிரூபன், அவள் பெற்ற பிள்ளை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். பக்கத்தில் வந்து நிற்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவன் பாயின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தான். மீன் வெள்ளைக்கோடு முழுக்கச் சிதறியது. பார்த்திருந்த சனம் கைதட்டியது. வெட்கங்கெட்ட சனம்! போன வருசம்வரை இந்த மீனைத் தின்ற வாய்கள்தானே எல்லாம்.

அருளப்பு அப்போதும் ஊதவில்லை. நிரூபன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தான். பிறகு கையைப் புதுப் புல்லில் தேய்த்தான்.

மேரிசெல்விக்குக் கஜேந்திரன்மேல் இருந்த அருவருப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது.

"நல்லாத் தேயடா" என்றாள். "உன்னை வளர்த்த மணம், லேசில போகாது."