சைலன்சரை அறுத்த கை

திருமலைச்சாமி ஓடிக்கொண்டிருந்தார். சாலையில் அல்ல. சாலை ஒரு கொண்டை ஊசி போட்டு மெள்ளச் சுற்றி வருவதற்குள் நெஞ்சு முட்ட நேரே மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில். வலது கையில் ஸ்பானர். காலில் செருப்பு இல்லை. ஒன்று முதல் சறுக்கலில் போனது, இன்னொன்றை அவரே உதறி எறிந்தார். வேலிச்செடி வேட்டியைப் பிடித்து இழுத்தது. கிழிந்தால் கிழியட்டும்!

கீழே பனிமூட்டத்துக்குள் அந்த லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டது. பாறையில் மோதித் திரும்பும் தடதடப்பு. அதன் தலைக்கு மேலே கத்தி மாதிரி ஒரு விசில்.

அந்த விசில் கேட்கவே கூடாது. கேட்காமலிருக்க மூன்று நாளைக்கு முன்பு அவர் தன் கையால் வழி செய்திருந்தார்.

"எந்தப் பாவிடா மறுபடியும் சைலன்சரைக் கழட்டுனவன்!" என்று மூச்சிரைப்புக்கு நடுவே திட்டிக்கொண்டே ஏறினார்.

அது 1964, ஐப்பசி. பெருமாள்மலையில் பதினோரு வருஷமாக லாரி ஷெட் வைத்திருப்பவர் திருமலைச்சாமி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளில் பாதி அவர் கை படாமல் ஏறியதில்லை. அதிலும் இந்த லாரி அவருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. எங்கோ ஓர் அணைக்கட்டு வேலைக்குக் கப்பலில் வந்த வண்டி. வேலை முடிந்ததும் ஏலத்துக்கு வந்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உருளைக்கிழங்கு, பூண்டு மண்டி வைத்திருக்கும் சேனாதிபதி எடுத்தார். அதில்தான் டர்போ என்கிற அந்தச் சாமான் இருந்தது. இந்த மலையில் வேறு எந்த வண்டியிலும் கிடையாது.

பெரிய மாயம் ஒன்றுமில்லை. இஞ்சின் துப்பும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் திணிக்கும். மற்ற லாரிகள் முக்கி முனகி ஏறும் ஏற்றத்தில் இது தாண்டிப் போய்விடும்.

போன வருஷம் டிரைவர் ராமர் வந்து நின்றான். "அண்ணே, இஞ்சினுக்கு மூச்சு முட்டுது. சைலன்சரைக் கழட்டிட்டு நேர் குழாயாப் போட்டு விடுங்க."

போட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கே கிறுகிறுத்துப்போயிற்று. என்ன சத்தம்! டர்போவின் விசில் மூன்று வளைவுக்கு அப்பால் கேட்டது. பண்ணைக்காட்டுப் பிரிவில் வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் 'விசில் ராமர்' என்று பேர் வைத்தார்கள்.

நாலே மாதம். டர்போ தண்டு ஆட்டம் கண்டு உடைந்தது.

இரண்டாவதை மாட்டும்போதுதான் திருமலைச்சாமிக்கு விஷயம் பிடிபட்டது. புகைக்குத் தடை இல்லையென்றால் சக்கரம் வெறிகொண்டு சுற்றும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் சக்கரத்துக்குப் பாரம் குறைந்து இன்னும் வேகம் பிடிக்கும். சமவெளிக்குச் செய்த சாமான், ஏழாயிரம் அடியில், திறந்த குழாயோடு எத்தனை நாள் தாங்கும்? பழைய சைலன்சரையே தேடி எடுத்து மாட்டினார். ஒரு மாதத்தில் யாரோ கழற்றிவிட்டார்கள். இரண்டாவது டர்போவும் போயிற்று.

சேனாதிபதி ஷெட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஏலத்துல வண்டியோட வந்தது மூணு. இப்ப மாட்டுறது மூணாவது. நாலாவதுக்கு நான் கப்பல் ஏறணும். சைலன்சரைக் கழட்டுற வித்தையைத் தொடங்கி வெச்சது யாரு? நீதானே? இதுவும் போச்சுன்னா உன் கைதான்னு எடுத்துக்கிடுவேன். அப்புறம் வத்தலக்குண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி உன் ஷெட்டு வாசல்ல நிக்காது. நிக்க விடமாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். லாரிக்காரர்கள் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அதனால்தான் இந்தத் தடவை சைலன்சரைப் போல்ட்டுப் போட்டு முறுக்கியதோடு விடவில்லை திருமலைச்சாமி. போல்ட்டுகளின் மண்டையை நசுக்கிவிட்டார். இனி எந்த ஸ்பானரும் பிடிக்காது. கழற்ற வேண்டுமானால் ரம்பம் போட்டு அறுக்க வேண்டும்.

அறுத்திருக்கிறார்களே!

மேல் சாலையில் அவர் கால் வைத்ததும் பனியைக் கிழித்துக்கொண்டு லாரியின் மூக்கு வெளியே வந்தது. அரிசி மூட்டைப் பாரம், நடக்கிற வேகம்தான். கையை வீசினார். "ஏலே ராமரு! நிறுத்துலே!"

ராமரின் கண் வளைவின் உள்பக்கம் இருந்தது. லாரி நிற்கவில்லை. திருமலைச்சாமி கூடவே ஓடிக் கதவுப்பிடியைப் பற்றிப் படிக்கட்டில் தொற்றினார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் மணியன் பதறிப்போய் அவரை உள்ளே இழுத்துப்போட்டான்.

மணியன் ராமரின் பெண்டாட்டி அன்னக்கொடிக்குத் தம்பி. முப்பது வயதுக்கு மேல் ஆகியும் கிளீனராகவே காலம் தள்ளுகிறான். அவனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். வண்டி ஓடும்போதெல்லாம் அவன் வலது கை ராமரின் தோளில் கிடக்கும். ஊரே கேலி செய்யும், அக்கா புருஷன் மேல் அப்படி என்ன பாசம் என்று.

"வண்டியை ஓரங்கட்டச் சொல்லுலே!" என்று கத்தினார் திருமலைச்சாமி. அந்தக் கூண்டுக்குள் கத்தினால்தான் பேச்சு. காலடியிலேயே இடி விழுந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"என்னண்ணே இது, கொரங்கு மாதிரி தொத்துறீங்க?" என்று பதிலுக்குக் கத்தினான் மணியன்.

"கொரங்கு நானா? சைலன்சர் எங்கடா?"

"எந்தச் சைலன்சர்?"

"என்னைய என்ன கேனயன்னு நெனச்சியா? நான் நசுக்குன போல்ட்டு என்னாச்சு?"

மணியன் ராமரைப் பார்த்தான். ராமர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திருமலைச்சாமியின் முகத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். "வாங்கண்ணே! மண்டிக்கா? ஏறுனதும் சூடா டீ சாப்பிடுவோம்."

திருமலைச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாழ்வா சாவா என்று ஓடி வந்திருக்கிறேன், இவன் டீ என்கிறான்!

அப்போது விசில் மாறியது.

இத்தனை நேரம் கத்தி மாதிரி நீட்டமாக இருந்த சத்தத்தில் ஒரு பிசிறு தட்டியது. அவர் நெஞ்சு அதைக் காதுக்கு முன்பே பிடித்துக்கொண்டது. தண்டு ஆட ஆரம்பித்துவிட்டது. சக்கரம் கூட்டில் உரசுகிறது. இந்த நொடியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டர்போ பிழைக்கும்.

"காலை எடு! ராமரு, காலை எடுலே!"

ராமர் எடுக்கவில்லை. ஏற்றம் செங்குத்தாகிறது என்று இன்னும் அழுத்தினான். பிசிறு அலறலாயிற்று. ஊளையாயிற்று. தொலைவில் நின்று கேட்டால்கூட யாருக்கும் ரோமம் சிலிர்க்கும். ராமரின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மணியன் தோளை இறுக்கி அமுக்கினான். அப்புறம்தான் ராமரின் கால் மேலே வந்தது.

தாமதம். பானெட்டுக்குள் ஏதோ 'டக்'கென்று தெறித்தது.

அடுத்த மூச்சில் இஞ்சின் பேய் பிடித்த மாதிரி கிளம்பியது. ராமர் காலை எடுத்துவிட்டான், வேகம் ஏறியது. டீசலை நிறுத்தும் குமிழை வெளியே இழுத்தான்; இன்னும் ஏறியது. பின்னால் நீலப் புகை சாலையை அடைத்தது. திருமலைச்சாமிக்குப் புரிந்துவிட்டது. டர்போவின் எண்ணெய்க்கட்டு உடைந்து இஞ்சின் எண்ணெயே உள்ளே கொட்டுகிறது. டீசல் வேண்டாம் அதற்கு. தன் ரத்தத்தைத் தானே குடித்துக்கொண்டு ஓடும், வெடிக்கும்வரை.

"கிளச்சை மிதி! பிரேக்கைப் பிடி! மணியா, சக்கரத்துக்குக் கட்டை போடு, வெரசா!"

வண்டி நின்றது. மணியன் கட்டையோடு பின்னால் ஓடினான். திருமலைச்சாமி குதித்து பானெட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அறைந்தது. காற்று உறிஞ்சும் குழாயின் வாய் அங்கே இருந்தது. அதை அடைத்தால்தான் மூச்சு நிற்கும். சாலையோர ஓடையில் ஒரு கோணிச் சாக்கை முக்கி எடுத்து, சுருட்டி, அந்த வாய்க்குள் திணித்தார். சாக்கு உயிருள்ள மாதிரி உள்ளே இழுபட்டது. தோளால் முட்டிக்கொடுத்து அமுக்கினார். புஜத்துத் தோல் பொசுங்கியது.

இஞ்சின் இரண்டு தடவை விக்கியது. செத்தது.

அப்படியோர் அமைதியை அந்தச் சாலையில் அவர் கேட்டதே இல்லை. ஓடைத் தண்ணீர் விழுகிற சத்தம் தனியே கேட்டது.

டர்போவைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மூன்றாவதும் போயிற்று. ஷெட் போயிற்று. கந்தம்மாளிடம் போய் என்ன சொல்வது? கட்டிய பெண்டாட்டிக்குக்கூட இதைப் புரியவைக்க முடியாதே!

வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார். குழாயின் வாயில் புது இரும்பு பளபளத்தது. ரம்பத்தால் அறுத்த வெட்டு. எழுந்து நேரே மணியனிடம் போனார். அவன் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரல் மடிப்பில் இரண்டு கொப்புளம்.

"ரம்பம் பிடிச்ச கை."

மணியன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஆமாண்ணே. நான்தான் அறுத்தேன்."

"ஏண்டா?"

"சும்மாதாண்ணே. சத்தம் நல்லாருக்கும்ல."

"சத்தமா? ஏலே, உன் சத்த ஆசைக்கு என் பொழப்பு கெடக்கு நடுரோட்டுல! மண்டிக்கு வந்து மொதலாளி முன்னால இதைச் சொல்லுவியா?"

"சொல்றேன்."

இவ்வளவு சுலபமாகவா? திருமலைச்சாமி ஒரு சண்டைக்குத் தயாராக வந்தவர். எதிரில் சண்டைக்காரன் இல்லை. "உன்னைய வேலையை விட்டுத் தூக்கிருவாரு, தெரியும்ல? அப்புறம் கொடைக்கானல்ல சுற்றுலாக்காரனுக்குக் குதிரை பிடிச்சுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்."

"பிடிச்சுட்டுப் போறேன். மச்சான் மேல பழி வேண்டாம். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

நிம்மதி வர வேண்டிய நேரம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான், வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் வரவில்லை. ராமர் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை? பத்தடி தள்ளிச் சாலை நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, புகை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ராமரு! உன் மச்சினன் சொல்றது நெசமா?"

ராமர் திரும்பவில்லை.

"கல்லு மாதிரி நிக்கிறியே, உனக்கும் இதுல பங்கா?"

மேல் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. கொடைக்கானலிலிருந்து இறங்குகிற சாயங்கால பஸ். மறுபடியும் அடித்தது, இம்முறை கிட்டத்தில், விடாமல். பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்கு. ராமர் சாலையின் நட்டநடுவில் நின்று கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மணியன் பாய்ந்தான். ராமரைக் கட்டிப்பிடித்து ஓரத்து மதிலோடு சாத்தினான். பஸ் கிரீச்சிட்டு அரை முழம் விட்டுப் போயிற்று. "சாகுறதுக்கு என் வண்டிதானா கெடச்சது, செவிட்டுப் பயலே!" என்று பஸ் டிரைவர் தலையை நீட்டி வைதுவிட்டு, நிறுத்தாமல் மலையிறங்கிப் போனார்.

எல்லா டிரைவரும் எல்லாரையும் திட்டுகிற திட்டுதான். ஆனால் மணியனின் முகம் செத்துப்போயிற்று.

திருமலைச்சாமி மெதுவாக நடந்து ராமரின் பின்னால் போய் நின்றார். ஸ்பானரை மதில் கல்லில் ஓங்கித் தட்டினார். காக்கை ஒன்று மரத்தை விட்டுப் பறந்தது. ராமர் அசையவில்லை.

முன்னால் வந்து நின்றார். ராமரின் கண்கள் அவர் கண்களைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தன.

"எம்புட்டு நாளா?" என்றார், சத்தமே வராமல்.

"ரெண்டு வருசமாகுதுண்ணே" என்றான் ராமர். குரல் ரொம்பப் பெரிதாக இருந்தது. "மொதல்ல மனுசப் பேச்சு போச்சு. அப்புறம் ஹாரன். இஞ்சின் கேக்காம கியர் எப்படி மாத்துறது? சைலன்சர் இல்லேன்னா அந்தத் தடதடப்பு மட்டும் நெஞ்சுக்கு வருது. அதை வெச்சுத்தான் ஓட்டுறேன். கூண்டுக்குள்ள எல்லாரும் கத்திக் கத்தித்தானே பேசுறாக, எவனுக்கும் சந்தேகம் வரல. மணியன் தோள்ல அமுக்கிச் சொல்லிருவான். வண்டியை விட்டா எனக்கு வேற சோலி தெரியாதுண்ணே."

திருமலைச்சாமி வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மூன்று டர்போ. நாலு ஜில்லாவுக்கும் சேர்த்துப் பெயர் வாங்கிய விசில். இன்றைக்கு அது ஊளையிட்டபோது இவன் காலை அழுத்திய அழுத்து.

"அப்ப அந்த விசிலு..." என்று இழுத்தார். "ஊரே உனக்குப் பேர் வெச்சுதேடா. அதுக்காகத்தான் அறுத்தீகன்னுல்ல நான் நெனச்சேன்."

ராமர் அவர் உதட்டை உற்றுப் பார்த்தான். புரியாமல் மணியனைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

"விசிலா?" என்றான். "நம்ம வண்டி விசிலடிக்குமாண்ணே?"