திருத்தம் போடாத பத்திரிகை

கிளாரா ஏறியதும் ஷேர் ஆட்டோவில் இருந்த பெண்கள் கைப்பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் கழுத்துச் சங்கிலியை மூடினாள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வரை யாரும் அவளிடம் பேசவில்லை. போன மாதம் வரை அவளுக்கு இடம் பிடித்து வைத்தவர்களும் இவர்கள்தான்.

எல்லாம் 'தொழிற்பேட்டைக் குரல்' என்ற வாரப் பத்திரிகை செய்த வேலை. ஆட்டோக்களில் நகை திருடிய கிளாரா என்ற பெண்ணைப் போலீஸ் பிடித்திருந்தது. பெயர் ஒன்றாக இருக்கவே, ஃபேஸ்புக்கில் கிடைத்த இவள் படத்தைச் செய்தியோடு போட்டுவிட்டார்கள். அக்கா மகளின் ஞானஸ்நானத்தன்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடுத்த படம். குழந்தையை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

பிடிபட்டவள் வேறு ஆள் என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். ஆனாலும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவளை லைனிலிருந்து எடுத்து, லாக்கர் பக்கமே போக முடியாத வேலைக்கு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பை அவள் வரிசைக்கு வந்தபோது, கொண்டுவந்தவர் பையைக் கையைவிட்டுத் தரவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

கணவன் அன்புவோடு பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். ஆசிரியர் வனமாமலை படம் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் திருத்தம் போட்டால் பத்திரிகையின் பெயர் கெட்டுவிடுமாம். வேண்டுமானால் கேஸ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

வழக்கு முடிய வருஷக்கணக்காகும் என்றார் வக்கீல். புதிதாக ஒரு சட்டம் வரப்போவதாகவும் சொன்னார். புகார் விசாரிக்கத் தனியாக ஒரு வாரியம். அதில் சேரும் பத்திரிகைகளுக்கு வழக்குச் செலவில் பாதுகாப்பு, அரசு விளம்பரத்தில் முன்னுரிமை. ஒரு பத்திரிகை சேர்ந்துவிட்டால், அதனால் பாதிக்கப்பட்டவர் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம். தவறு வந்த பக்கத்திலேயே திருத்தம் போட்டாக வேண்டும்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கிளாரா லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வனமாமலை நன்றாகவே பேசினார். இன்றைக்கு விளம்பரத்தைக் காட்டிக் கூப்பிடும் அரசாங்கம், நாளைக்கு எதை எழுத வேண்டும் என்றும் சொல்லும் என்றார். அதில் நியாயம் இருப்பது கிளாராவுக்கே தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. எழுந்து நின்றாள்.

"சார் சொல்றது நெஜந்தான். கவர்மென்ட் சலுகை காட்டிக் கூப்ட்டா போவாதீங்க. சலுகையே வாணாம்னு சொல்லிட்டு, நீங்களே ஒரு போர்டு வெச்சிக்கினு சேருங்க. யார் வாணான்னா? இத்தினி வருசமா ஏன் சேரல? நான் திருடி இல்லன்னு ரெண்டு வரி போட உங்கள எந்த கவர்மென்ட் தடுத்துச்சு?"

சொந்தப் பிரச்சினையை இங்கே பேசக் கூடாது என்று வனமாமலை அவளை வெளியே அனுப்பச் சொன்னார். யாரும் தொடுவதற்கு முன் அவளே நடந்தாள்.

வாசல் வரை அவள் பின்னாலேயே ஒருவர் வந்தார். சாலமோன், இன்னொரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர். சட்டத்தை எதிர்க்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டதாகவும், அவளைப் பற்றிய உண்மையைத் தன் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போடுவதாகவும் சொன்னார். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலும்.

"போடுங்க. அது இன்னொருத்தர் பண்ண தப்பு, அதான் உங்களுக்கு சுளுவா வருது," என்றாள் கிளாரா. "உங்க பேப்பரால அசிங்கப்பட்டவங்க யாரும் இல்லியா?"

வடக்குப்பட்டில் ஒருவர் இருப்பதாகச் சாலமோன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்ப மொதல்ல அவர் வூட்டுக்குப் போங்க. தப்பத் திருத்துறதுக்கே சட்டம் போட்டு, சலுகையும் குடுத்துக் கூப்பிடணும்னா அது இன்னா சார் சுதந்திரம்? எழுத உங்களுக்கு எவ்ளோ உரிமை கீதோ, பொய்யின்னா திருத்தச் சொல்ல எங்களுக்கும் அவ்ளோ உரிமை கீது. அத எழுதுங்க மொதல்ல."