காய்ந்த பிறகு வந்த கோடு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பெயின்ட் கடையில் கிடைத்தது. வீட்டுச் சுவருக்கு வெள்ளை வாங்கப் போயிருந்தேன். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கும் என்று யார் கண்டது? மெஷினில் நிறம் கலந்து கொடுக்கும் பெண், ஒரு அட்டையில் கொஞ்சம் தடவி என் முன்னால் வைத்தாள். "இதேதான்" என்றேன்.

"அவசரப்படாதீங்கக்கா. காய்ஞ்ச பிறகுதான் உண்மையான கலர் தெரியும்."

அந்த ஒரு வாக்கியம்தான் அவளுடையது. மற்றதெல்லாம், இனி வரப்போகும் அவள் உட்பட, என் சொந்தச் சரக்கு.

2

அவள் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே கண்ணீர் வந்துவிடும்.)

மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி

(இவள் குரலைத் தாழ்த்துகிற ஆளே இல்லை. "பிரெக்னன்ஸி கிட் ரெண்டு குடுங்க" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டு வாங்கினாள்.)

வேலை முடிந்து வந்ததும் சோதித்துப் பார்த்தாள். ஒரே கோடு. நியாயமாகப் பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தொழில் புத்தி லேசில் விடுமா? ஈரத்தில் பார்த்ததை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. சோதனைப் பட்டையை ஜன்னலோரம் காயவைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டாவதாக ஒரு கோடு. கோடு என்றுகூடச் சொல்ல முடியாது, கோடு மாதிரி ஒன்று.

[அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: இதைச் செய்யாதே என்றுதான் பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தெரியும் கோட்டை நம்பக் கூடாது. பெயின்ட் டப்பாவில் போட்டிருப்பதை யாருமே படிப்பதில்லை என்று தினமும் புலம்புகிறவள் இதைப் படிக்கவில்லை.]

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் கோடு ரோஸ். இது சாம்பல். அப்புறம்தான் தாளைத் தேடி எடுத்துப் படித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

3

மறுநாள் காலை, எழுந்ததும் முதல் வேலையாக இன்னொரு பட்டை. இந்த முறை நகராமல் நின்று பார்த்தாள். ஈரம் காய்வதற்குள் இரண்டு கோடுகள். இரண்டுமே ரோஸ், சந்தேகமே இல்லை.

அவள் மகிழ்ச்சியில்

(எனக்கு எப்படித் தெரியும்?)

அவள் இடிந்துபோய்

(இதுவும்தான் எப்படித் தெரியும்?)

4

கணவனை வைத்துக் கொஞ்சம் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவனை ஒரு ரத்த வங்கியில் இரவு வேலைக்குச் சேர்த்துவிட்டேன். "பாசிட்டிவ்" என்று இவள் செய்தி அனுப்புவாள். "எந்த குரூப்? எத்தனை யூனிட்?" என்று அவன் பதில் போடுவான். எனக்குப் பிடித்திருந்தது. அவள்தான் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஏம்மா, அனுப்பேன்."

"அனுப்பினா குதிப்பாருக்கா. உடனே அத்தைக்குப் போன் போடுவாரு. அத்தை எங்கம்மாவுக்குப் போடுவாங்க. பாக்கிறப்பல்லாம் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு கேட்டவங்க எல்லாரும் சந்தோஷப்பட்டு முடிச்சிடுவாங்க. அப்புறம் எனக்குச் சந்தோஷமான்னு யாரு கேப்பா?"

"உனக்குச் சந்தோஷம்தானே?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள நீங்க எழுதிடாதீங்க."

5

எழுதக் கூடாது என்றால் அறிவுரையாவது சொல்லலாமே. டாக்டரைப் பார்த்து உறுதிசெய்துகொள், ஃபோலிக் ஆசிட் மாத்திரை பற்றிக் கேள், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் மறைக்காமல் சொல் என்று அடுக்க ஆரம்பித்தேன்.

"சாயங்காலம் போறேன்க்கா. பெயின்ட் வாசனையில நிக்கலாமான்னு கேக்கணும். வேணும்னா என்ன பண்றது, வேண்டாம்னா என்ன பண்றது, ரெண்டையும் கேக்கணும். வாய் இருக்கு, கேட்டுக்கிறேன்."

6

முடிவு ஒன்று: அவன் வருகிறான், அவளைத் தூக்கிச் சுற்றுகிறான்.

முடிவு இரண்டு: டாக்டரின் அறையில் அவள் தனியாக

இரண்டையும் அவளிடம் நீட்டினேன். அவள் கையிலேயே வாங்கவில்லை.

"அக்கா, இதையெல்லாம் யாரு படிக்கிறாங்க?"

நான் உங்களைக் காட்டினேன்.

"என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. இவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விசேஷம் உண்டா என்று கேட்கிறவர்களை மனசுக்குள் கிண்டல் செய்துகொண்டே, நான் அவர்களுக்கெல்லாம் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். உங்களையும் கூட்டி வந்து பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன்.

வெளியே, இரவு வேலை முடிந்து வந்த அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. அவள் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள். சொல்லப் போகிறாளா, எதைச் சொல்லப் போகிறாள், சத்தியமாக எனக்குத் தெரியாது. நாம் போகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கப் போவதில்லை.

நான் எழுந்துவிட்டேன். நீங்களும் எழுந்திருங்கள். வழியில் அவளுடைய அத்தை எதிரே வந்து ஏதாவது கேட்டால், நீங்கள் இந்தக் கதையைப் படிக்கவே இல்லை.