மடங்கும் வளைவு

தென்னேரி கோதண்டபாணியின் சின்ன டிராக்டரில், சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேலே ஓர் இரும்பு வளைவு இருந்தது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் இருப்பதற்கு. ஆனால் அது கொட்டகைக் கூரையில் இடித்தது. அறுத்துப் போட்டுவிடலாம் என்று காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினார். மனைவி லோகாம்பாளும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெல்டிங் பட்டறை கௌஸ் பாஷா ரம்பத்தை எடுத்ததும் அவள் வளைவைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதீங்க பாய். போன வருசம் ஏரிக்கரையில வண்டி கவுந்து ஒரு ஆளு போயிட்டாரு. சொன்னா இவரு கேக்க மாட்டேன்றாரு."

"அப்போ கூரையைப் பிரிச்சிடவா?" என்றார் கோதண்டபாணி.

பாஷா சிரித்தார். "மடக்குற மாதிரி பண்ணித் தரேன்மா. வயல்ல நிமித்தி வெச்சிக்கினு ஓட்டட்டும். கொட்டகைக்குள்ள வர்றப்போ மடக்கிக்கட்டும்."

மத்தியானத்துக்குள் வளைவின் இரண்டு காலிலும் தடித்த கீல் வைத்துப் பற்றவைத்தார். நிமிர்த்தி, குறுக்கே ஆணி செருகி, அதைப் பிடித்துத் தொங்கும்படி கோதண்டபாணியிடம் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தொங்கியதைப் பார்த்து லோகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வரப்பு சரிந்து வண்டி சாய்ந்தது. வளைவு சேற்றில் ஊன்றிக்கொள்ள, வண்டி முழுசாகப் புரளவில்லை. கோதண்டபாணி முழங்கை சிராய்ப்போடு எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்ட லோகாம்பாள் வெந்நீர் வைத்து, சேறு போக அவர் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் ஒரு பெரிய பூசணிக்காயோடு கோதண்டபாணி பட்டறைக்குப் போனார்.

"எங்க வூட்டுல குடுத்தனுப்புனாங்க பாய்" என்றார். அவளிடம் சொல்லாமல் அதைப் பறித்து வந்தது அவரேதான்.