மூன்று வருடத் தரிசு

ஆனந்தராஜ் சார் ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது அந்த ராகியைத்தான். இடுப்பளவு உயரத்தில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, நடுவே சால் சாலாக அவரை. என் கையிலிருந்த அடங்கல் புத்தகத்தில் இந்த ஒன்றரை ஏக்கருக்கு நேராக, மூன்று வருடமாக, என் கையெழுத்தில் 'தரிசு' என்று இருந்தது.

நான் இந்த ஊருக்கு வி.ஏ.ஓ.வாக வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. எந்த நிலத்தில் என்ன பயிர், வைத்தது யார் என்று வரப்பு வரப்பாக நடந்து பார்த்து எழுத வேண்டியதுதான் அடங்கல். யார் நடக்கிறார்கள்? போன வருடத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அப்படியே பார்த்து எழுதிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்திருப்பார். யாரிடமும் பத்துப் பைசா வாங்கியதில்லை. வெறும் சோம்பேறித்தனம். ஆனால் விசாரணை என்று வந்தால் அதை எவன் நம்புவான்?

ஓசூர் கம்பெனிகளுக்கு ஆள் வர வர, வீட்டுமனை எங்கள் ஊர் எல்லையைத் தொட்டுவிட்டது. பதினோரு ஏக்கர் விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டு ஒரு மனு; இந்த ஒன்றரை ஏக்கரும் அதில் அடக்கம். அதற்காகத்தான் நகரமைப்பு அலுவலகத்திலிருந்து சார் இடம் பார்க்க வந்திருந்தார். மனுவில் 'சாகுபடி இல்லை' என்று எழுதியதற்கு ஆதாரம் என் புத்தகம். இந்த ராகியை வைத்திருக்கும் மாரம்மாவுக்கும், தான் பயிர் செய்வதைக் காட்ட அதைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை. பட்டா பெங்களூரில் இருக்கும் ஒருவர் பெயரில். அவருக்கு விளைச்சலில் பாதி கொடுத்துவிட்டு இவள் பயிர் வைக்கிறாள். எல்லாம் வாய்ப்பேச்சு. அவள் பெயர் வரவேண்டிய கட்டத்தில் நான் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன்.

"என்னம்மா இது? புக்குல தரிசுன்னு இருக்கு, இங்க பயிரு நிக்குது?" என்றார் சார்.

மனு போட்டவர்களின் ஆள் பிரதாப் முந்திக்கொண்டான். "இந்த வருஷம் மட்டும் யாரோ சும்மா வெதச்சிருக்காங்க சார். மேடத்துக்கே தெரியும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும், சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆட்டவில்லை என்றால் மெமோ, சஸ்பெண்ட், ஊரில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

பயிருக்குள் அவரை பறித்துக்கொண்டிருந்த மாரம்மா, மடியைப் பிடித்தபடி வரப்புக்கு வந்தாள்.

"யாரோவா? பத்தொம்போது வருசமா நாந்தான் சார் வெக்கறேன். மேடத்தையே கேளுங்க. வருசா வருசம் வந்து பாத்து எழுதிக்கினு போறாங்களே!"

என் காலை இதற்கு முன் அந்த வரப்பு கண்டதில்லை. அது அவளுக்கும் தெரியும். பெரிய அதிகாரி முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, மரியாதைக்குச் சொன்ன பொய். அந்த மரியாதை என் கழுத்தைப் பிடித்தது. வராமல் எழுதியிருந்தால் அலட்சியம். வந்து, பயிரைப் பார்த்துவிட்டுத் தரிசு என்று எழுதியிருந்தால் மோசடி.

"அப்படியாம்மா? வருஷா வருஷம் வந்தீங்களா?" சார் பேனாவைத் திறந்தார்.

பிரதாப் கண்ணாலேயே ஜாடை காட்டினான். தூரத்தில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

"இல்ல சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான் ஒரு வருஷம்கூட வந்ததில்ல சார். பாக்காமத்தான் எழுதினேன்."

சார் எழுதத் தொடங்கினார். பிரதாப் செல்போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மாரம்மாவை. அவள் முகம் வாடிவிட்டது. தன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டேன் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஏன் மேடம் இப்பிடிச் சொல்லிட்டீங்க? நா என்னா தப்புப் பண்ணேன்?"

விளக்கம் சொல்ல ஓர் அடி முன்னால் வைத்தேன். அவள் பின்வாங்கினாள். மடியிலிருந்த அவரை சிந்தாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து ராகிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.